விழுந்து பார்த்தல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் மாடிப்படிக்கும் ஆகவே ஆகாது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் படி ஏறவிடாமல் செய்த மனுஷன், தானும் ஏறியதில்லை. தொப்பை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். டாக்டரிடம் போன அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது.

"பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, ஒண்ணு பாக்கியில்லை. நடங்க. எடையைக் குறைங்க. இப்படியே விட்டா நெஞ்சு தாங்காது" என்றார் டாக்டர், முகத்தைப் பார்க்காமல் மாத்திரை எழுதிக்கொண்டே.

சாவுக்கு அவர் பயந்தவர் இல்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் அதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்காது. பயமெல்லாம் மகள் பாப்பாவை நினைத்துத்தான். பாப்பா என்பது கூப்பிடுகிற பெயர், வயது இருபது ஆகிவிட்டது. ஆட்டிசம். அப்பா, அம்மா இருவரையும் தவிர வேறு மனிதரிடம் அவள் வாயைத் திறந்ததில்லை. நமக்கப்புறம் இவளுக்கு யார் என்ற கேள்வி அந்த வீட்டில் தினமும் சாப்பிட உட்காரும்போது கூடவே உட்காரும். யாரும் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பாப்பாவும் குண்டாகிக்கொண்டுதான் இருந்தாள். பதற்றத்துக்குக் கொடுத்த மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டிருந்தது. அவள் அம்மா துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். "ஊரார் பேன்ட்டை எல்லாம் பிடிச்சுத் தைக்கிறேன், எம் பொண்ணுதை மட்டும் பிரிச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த தையலைப் பிரிப்பாள். ஆக, அப்பாவும் பொண்ணும் சேர்ந்தே நடப்பது என்று முடிவானது.

பக்கத்துத் தெருவில் ஒரு பூங்கா. நடுவில் புல்தரை, சுற்றிலும் நடைபாதை, ஓரத்தில் ஒரு பெஞ்ச், வாசலில் எதற்கெடுத்தாலும் விசில் ஊதும் வாட்ச்மேன். முதல் வாரம் நரகம்தான். நாய் குரைத்தால் பாப்பா காதைப் பொத்திக்கொள்வாள். பாதையில் தண்ணீர் தேங்கியிருந்தால் நின்றுவிடுவாள். அதைவிடப் பெரிய தொல்லை, அப்பா மூச்சு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், அவர் எதிரில் நின்று மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு ஓலமிடுவாள். நடக்கிறபோது உட்காரலாமா? அவள் கணக்கில் அது ஒழுங்கீனம். போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு உயிரே போய்விடும்.

அதனால் அவர் ஒரு விதி செய்தார். விதி என்று சொல்லிவிட்டால் பாப்பாவுக்கு அது சுவர் மாதிரி, அசையாது.

"அப்பா உக்காந்தா நீ நிக்காம சுத்து. அப்பா எந்திரிச்சா நடை முடிஞ்சுது. சரியா?"

"அப்பா உக்காந்தா நிக்காம சுத்து. அப்பா எந்திரிச்சா முடிஞ்சுது" என்றாள் பாப்பா, அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில்.

அதோடு ஓலம் போயிற்று. அவர் உட்காருவார், அவள் சுற்றுவாள். மாதங்கள் போகப்போக அவள் நடை வேகம் பிடித்தது. தோள் நிமிர்ந்தது, கன்னம் வற்றியது. அம்மா முதன்முறையாக மகள் பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள், தைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். மெக்கானிக்குக்கும் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் போகிற பொண்ணைப் பார்க்கும்போது அவருக்குத் தலைகால் புரியாது. இருபது வருடத்தில் முதன்முறையாக அவள் அவரை ஒரு விஷயத்தில் ஜெயித்திருக்கிறாள்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் நெஞ்சில் வந்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு பாரம். இடது கை மரத்தது. வியர்வை கொட்டியது. போனை எடுக்கக் கையை நீட்டினார், அது நழுவிப் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. பாப்பா வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, நில்லு. வாட்ச்மேனைக் கூப்பிடு."

"அப்பா உக்காந்தா நிக்காம சுத்து" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அடுத்த சுற்றிலும் வந்தாள். அவர் கையைப் பாதையில் நீட்டினார். தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதுபோல ஒதுங்கிப் போனாள். எழுந்துவிட்டால் போதும், நின்றுவிடுவாள், தெரியும். கால் ஒத்துழைக்கவில்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை வேண்டும் என்று ஊரே தவம் கிடக்கிறது. இவர் வீட்டில் ஒருத்தி இருந்தாள், அதுவே அன்றைக்கு ஆளைக் கொல்லப் பார்த்தது.

ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்தான் பார்த்துவிட்டுக் கத்தினாள். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போயிற்று. பாப்பா சுற்றிக்கொண்டே இருந்தாள். கடையிலிருந்து தையல் நாடாவைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு ஓடிவந்த அம்மா, பிடித்து நிறுத்தப் பார்த்தாள், கெஞ்சினாள், முடியவில்லை. விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் ஓட முடியாது. புருஷன் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாமலே, பூங்கா மூடுகிற விசில் ஊதும் வரைக்கும் மகள் கூடவே நடந்தாள். அவளுக்கு அன்றைக்குக் கையும் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை, கால் மட்டும்தான் ஓடியது.

மெக்கானிக் பிழைத்தார். அடைப்பை எடுத்துவிட்டார்கள். நடக்காமல் இருந்திருந்தால் இந்த அளவுகூடத் தாங்கியிருக்காது என்றார் டாக்டர்.

"அவ மேல ஒரு தப்பும் இல்லை" என்றார் அவர் மனைவியிடம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி.

"அவ மேலன்னு யாரு சொன்னா? நீங்க சொன்னதைத்தானே செஞ்சா" என்றாள் அவள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உண்மை அப்படித்தான் இருக்கும்.

வேலைக்குத் திரும்பினதும் ஒரு கட்டடத்தில் வருடாந்திரச் சோதனை. லிஃப்ட் கூண்டில் ஆளுக்குப் பதில் எடைக்கட்டிகளை ஏற்றி, வேண்டுமென்றே வேகத்தை மீறி இறங்கவிடுவார்கள். அடியில் இருக்கிற இரும்புத் தாடை, கூண்டு ஓடுகிற தண்டவாளத்தைக் கவ்விக் கூண்டை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாத் தாடையும் நன்றாகத்தான் தெரியும். விழவிட்டுப் பார்த்தால்தான் எது கவ்வும் என்று தெரியும். அன்றைக்குக் கூண்டு கிறீச்சிட்டு நின்ற இடத்தில் அவரும் அப்படியே நின்றுவிட்டார். பொண்ணுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தோம், அப்பா விழுந்தால் என்ன செய்வது என்று ஒருநாளும் கற்றுக்கொடுக்கவில்லையே.

அன்று சாயங்காலமே ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் படுத்தார்.

"பாப்பா, புது விதி. அப்பா தரையில விழுந்தா நீ நடக்கக் கூடாது. வாட்ச்மேன்கிட்ட போ. 'அப்பா விழுந்துட்டாரு, வாங்க'ன்னு சொல்லு."

பாப்பா மணிக்கட்டைக் கடித்தாள். அம்மா அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் இருக்கட்டும் என்று. "கண்ணால பாக்க முடியலைங்க. பொணம் மாதிரி கிடக்கறீங்க" என்றாள் பிறகு.

வீட்டில் பழகி, பூங்காவுக்கு வந்தார்கள். வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயிலிருந்து விசில் கீழே விழுந்தது. ஆனால் நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டார். மெக்கானிக் புல்தரையில் விழுவார். பாப்பா வாசலுக்குப் போவாள், வாட்ச்மேன் முன்னால் நிற்பாள், வாய் திறக்காது. திரும்பி வருவாள். மறுபடி விழுவார். நடக்கிறவர்கள் இந்த ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் பாப்பா, வாட்ச்மேனின் சட்டைப் பொத்தானைப் பார்த்து, "அப்பா விழுந்துட்டாரு, வாங்க" என்றாள்.

வாட்ச்மேன் ஓட்டமாக ஓடிவந்தார். "சொல்லிருச்சு சார், உங்க பொண்ணு எங்கிட்ட சொல்லிருச்சு" என்று அந்த மீசைக்கார மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

பிறகு தினமும் நடந்தது. விழுவார், அவள் சொல்வாள், வாட்ச்மேன் வருவார், அவர் எழுவார். ஒரு விடுமுறை நாளில் அம்மாவும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்க்க வந்தாள். எல்லாம் சரியாக நடந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவள் சொன்னாள்.

"தினமும் எந்திரிச்சுடறீங்க. விழறவங்க எல்லாம் எந்திரிப்பாங்கன்னு நினைச்சுக்குவா."

அவர் ஒற்றைச் செருப்போடு திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம், நீங்க மட்டுமா விழுவீங்க? நானும் ஒருநாள் விழுவேன்ல?"

மறுநாள் வாட்ச்மேனிடம் தனியாகப் பேசிவைத்தார்கள். மெக்கானிக் வழக்கம்போலப் புல்தரையில் விழுந்தார். பாப்பா நடையை நிறுத்தினாள். வாசல் பக்கம் திரும்புவதற்குள் அம்மா, சேலையை ஒதுக்கிக்கொண்டு, புருஷன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாப்பா நின்றாள். விதியில் இது இல்லை. கை மணிக்கட்டு வரைக்கும் போனது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார், பார்த்தால் எழுந்துவிடுவோம் என்ற பயத்தில். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு காலடிச் சத்தம் வாசல் பக்கமாகப் போயிற்று.

"அப்பா விழுந்துட்டாரு" என்ற குரல் தூரத்தில் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. "அம்மாவும் விழுந்துட்டாங்க. வாங்க."

இரண்டாவதாகச் சொன்னதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாட்ச்மேன் வந்தார். குனிந்து பார்த்தார். இருவரும் எழவில்லை. பாப்பா காத்திருந்தாள். "அப்பா எந்திரி" என்றாள் ஒருதரம். "அம்மா எந்திரி" என்றாள். பக்கத்தில் மனைவியின் உடம்பு குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஆளைக் கூப்பிட்டுக்கறேன் கண்ணு. நீ வா, வாசல்கிட்ட உக்காரலாம்" என்றார் வாட்ச்மேன்.

இரண்டு ஜோடிக் காலடிகள் புல்லைத் தாண்டிப் பாதையில் ஏறின.

"எந்திரிக்கலாமாங்க?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"இரு" என்றார் அவர். "அவ போகட்டும்."