மூன்றாவது தட்டின் பட்டினி

என் அக்காவோடு வாதாடுவதற்குப் பதில் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம். எலக்ட்ரிகல் கடை நடத்துகிறவள், எதையும் சுவிட்சு கணக்கில்தான் பார்ப்பாள். அவளுடைய மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு மாத்திரைகள். ஒன்று ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தடுக்கிறது, இன்னொன்று செல்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளின் வழியை அடைக்கிறது. இரண்டாவதால் வாயெல்லாம் புண். அதை நிறுத்தப்போகிறாளாம்.

“மெயினை ஆஃப் பண்ணியாச்சு. அப்புறம் எதுக்குடி இன்னொண்ணு?”

“இன்வெர்ட்டர் ஓடுதேக்கா! ஈஸ்ட்ரோஜன் இல்லாட்டியும், செல்லுக்குள்ள அது எழுப்புற ஏற்பியை, அந்த சுவிட்சை, வளர்ச்சிக் காரணி எழுப்பிவிட்டுடும். ரெண்டும் கூட்டுக் களவாணிங்க.”

“உன் லேப்ல கண்ணால காட்டு. நம்பறேன்.”

காட்டித் தொலைக்கிறேன் என்று, அவளுக்கு வந்த ரகத்துப் புற்றுச் செல்களை மூன்று தட்டுகளில் வளர்த்தேன். முதல் தட்டுக்கு ஈஸ்ட்ரோஜன், வளர்ச்சிக் காரணி இரண்டும் உண்டு. இரண்டாவதில் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நிறுத்தினேன். மூன்றாவதில் இரண்டையும் அடைத்தேன்.

திங்கட்கிழமை அக்காவை அழைத்துவந்து மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தேன். மூன்று தட்டிலும் செல்கள் ஈ மொய்த்த மாதிரி!

“பாத்தியா? எதை அடைச்சாலும் வளருது. நான் எதுக்கு வாய்ப்புண்ணோட சாகணும்?” பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். இவளை நானே கெடுத்துவிட்டேனே.

அப்போதுதான் தட்டுகளின் நிறம் கண்ணில் பட்டது. நான் ஊற்றியது நிறமில்லாத வளர்ப்புத் திரவம். செல்களைப் பட்டினி போட அதுதான் சரி, சாதாரணத் திரவத்தின் சிவப்புச் சாயமே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் வேலை பார்க்கும். மூன்று தட்டும் இப்போது ரோஸ் நிறத்தில் இருந்தன.

“அத்தை!” என்று கத்தினேன். செல் வளர்ப்பு அறையைக் கவனிக்கும் அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எல்லோருடைய தட்டிலும் மூக்கை நுழைப்பார்.

“ஆமா, வெள்ளிக்கிழமை நான்தான் மாத்துனேன். பாவமா இருந்துச்சு. இருந்ததைக் கொட்டிட்டு வழக்கமான சிவப்புச் சாப்பாட்டை ஊத்துனேன்.”

“வேணும்னே பட்டினி போட்டதே நான்தான்! தட்டு மேல எழுதியிருக்கே, கண்ணு எங்க போச்சு?”

“எனக்கென்ன தெரியும்? அந்த மூணாவது தட்டு சுருங்கி, பாதிக்கு மேல செத்து மிதந்துக்கிட்டு இருந்துச்சு. பாக்கச் சகிக்கல.”

கதவருகே போன அக்கா நின்றாள். “ரெண்டாவது?”

“அதுக்கென்ன? முதல் தட்டு மாதிரியே கொழுகொழுன்னு இருந்துச்சு. ஓரவஞ்சனை எதுக்குன்னு எல்லாத்துக்கும் ஊத்திட்டேன்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அத்தையையே பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, காலையில் விழுங்காமல் வைத்திருந்த அந்த இரண்டாவது மாத்திரையை எடுத்தாள்.

“தண்ணி இருக்காடி?”

லேபுக்குள் எதையும் வாயில் போடக்கூடாது. கையைப் பிடித்து அவளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினேன், மனசு மாறுவதற்குள்.