தேயாத துளை

“தகட்டுல ஓ பாசிட்டிவ்னு அடிச்சு வச்சிருக்கானுங்க. எனக்கு பி. அடிபட்டா டாக்டர் பாடு திண்டாட்டம்தான்.”

“விளையாட்டா இது? போய் மாத்திட்டு வாங்க.”

“நாலு பேருக்கு சலாம் போடணும். திரும்பி வந்து பார்த்துக்கலாம். அப்பா காதுல போட்டுடாதே, தூங்க மாட்டாரு.”

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அடையாளத் தகட்டைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு கிளம்பினான் கணவன். எல்லைச் சண்டையில் காணாமல் போனான். இருக்கிறானா இல்லையா என்று ராணுவம் இன்றுவரை சொல்லவில்லை.

அவள் பழைய சாமான் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பதக்கம், தொப்பி, தண்ணீர்க் குப்பி எது வந்தாலும் அசலா நகலா என்று பார்த்துச் சொல்வாள். அவனுடையது ஏதாவது கண்ணில் படாதா என்ற நப்பாசை. வீட்டில் மாமனார் மட்டும்தான். சாப்பிடும்போது ஏதோ சொல்ல வாயெடுப்பார். பிறகு தண்ணீர் கேட்பார்.

இன்று அவர் கடைக்கே வந்து, கைக்குட்டையைப் பிரித்துத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“சந்தைக்குப் பக்கத்துல ஒரு பழைய சாமான் கடையில கிடந்துச்சும்மா. அவன் பேரு, நம்பர் எல்லாம் இருக்கு. அப்போ… அவன் இல்லேன்னுதானே அர்த்தம்?”

அவள் கை தன்பாட்டுக்குப் பூதக்கண்ணாடியை எடுத்தது. எழுத்துக் குழிகளில் கறுப்பேறியிருந்தது. அமிலத்தில் போட்டால் சீக்கிரமே ஏறிவிடும் கறுப்பு. துளையின் விளிம்பு விரலைக் கீறியது. சங்கிலி உரசிய துளை மழுங்கியிருக்க வேண்டும்.

கடைசி வரி: பி பாசிட்டிவ்.

அசலைப் பார்த்து அடித்திருந்தால் ஓ என்று இருந்திருக்கும். அந்தத் தப்பு அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளையின் ரத்தம் பி என்று மனப்பாடமாக வைத்திருப்பவர் எதிரில் நின்றார்.

“யாரு அடிச்சுக் கொடுத்தது மாமா?”

“என்னம்மா, கடையில கிடந்ததுன்னு…”

“மாமா, எனக்குச் சோறு போடுறதே இந்த வேலைதான்.”

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “சாவி வெட்டுறவன்கிட்ட. பிள்ளை பேரை ஒவ்வொரு எழுத்தா நான்தான் சொன்னேன். பெத்தவன் வாயால.”

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்கத்தில் அவள் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தினாள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

“தண்ணி வேணாம். காத்திருந்தது போதும்மா. நீ வேற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்க.”