ஓரத்துச் செல்கள்

அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர் வைத்ததே அண்ணன்தான். அவன் ஸ்டூடியோக்காரன். ஊரில் பாதிப் பேர் முகத்துப் பரு அவன் கணினியில்தான் மறைந்தது. ஊரிலிருந்த மருந்து ஆராய்ச்சிக்கூடத்து ஆட்களுக்கெல்லாம் அடையாள அட்டைப் படம் எடுப்பவனும் அவனே. அவளோ அங்கே நுண்ணோக்கியில் செல்களைப் படமெடுத்து, எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று கண்டு சொல்பவள்.

புது மருந்து பட்ட செல்களின் படத்தில், ஓரத்திலிருந்த நோயில்லாத நல்ல செல்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார்.

“இந்த ஓரத்து அழுக்க மட்டும் துடைச்சிடும்மா. திங்கக்கிழமை மருந்தப் பரிசீலிக்கிற குழு வருது. உன் வேலை நிரந்தரமாகுறதும் அன்னைக்குத்தான், ஞாபகம் வச்சுக்கோ.”

“அது அழுக்கு இல்ல சார். மருந்து கொன்ன செல்லு.”

“கொஞ்சம் வளைஞ்சு குடுக்கக் கத்துக்க.”

“நான் வளையலாம் சார். படம் வளையாது.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, அந்த நிரந்தர வேலை அவளுக்கு வேண்டித்தான் இருந்தது. ஒப்பந்தத்தை நீட்டி நீட்டியே அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

திங்கள் காலை, குழுவுக்குக் காட்டவிருந்த படத்தைத் திறந்தாள். ஓரம் பளிச்சென்று இருந்தது. பெரிதாக்கினாள். ஒரே செல், அதே நெளிவோடு, இடத்துக்கு இடம் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தோலை எடுத்துப் பருமேல் ஒட்டுகிற அண்ணனின் கைவேலை அவளுக்குத் தெரியாததா? ஆத்திரம் பொங்க, போனை எடுத்தாள்.

“அண்ணே, எங்க டைரக்டர் அங்க வந்தாரா?”

“ஆமா. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. இது நல்லா வந்தா உன் வேலை நிரந்தரமாம். பரு மாதிரிதானே இருந்துச்சு?”

“அது பரு இல்லண்ணே. நாளைக்கு நம்ம அம்மா அந்த மருந்தச் சாப்பிட்டா, சாகப்போறது அவங்க உடம்புல இருக்கிற நல்ல செல்லுதான்.”

“அப்ப போட்டு உடைச்சிடு. என் பேர் வந்தாலும் வரட்டும்” என்றான்.

குழு உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். தான் எடுத்த படத்தையும் துடைத்த படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கப்போவதாகச் சொன்னாள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், மாற்றிய இடம் மட்டும் ஒளிரும்.

“உக்காரும்மா!” என்றார் இயக்குநர்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரை இருண்டது. ஓரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் மின்னின.

“என்ன இதெல்லாம்?” என்று கேட்டார் குழுத் தலைவி.

“பூசி மெழுகின இடம் மேடம். ஒவ்வொண்ணுக்கு அடியிலயும் செத்த செல்லு இருக்கு.”

இயக்குநரின் முகம் சிவந்தது. “உனக்கு இனி இங்க இடமில்ல.”

“தெரியும் சார். அதான் ஒரிஜினல் படத்த இவங்க எல்லாருக்கும் அனுப்பிட்டே வந்தேன்.”

மருந்துச் சோதனையைக் குழு அன்றே நிறுத்தியது. அவள் ஒப்பந்தத்தை இயக்குநர் நீட்டவில்லை. மாலையில் அவள் நேரே ஸ்டூடியோவுக்குப் போய், விளக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“வேற எடத்துக்கு விண்ணப்பம் போடணும். படம் எடு.”

அண்ணன் எடுத்தான். திரையைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான்.

“மூக்குமேல ஒரு பரு இருக்கு, பூதக்கண்ணாடி. எடுத்துடவா?”

“தொட்டுப் பாரு, விரல ஒடிச்சிடுவேன்.”

அவன் சிரித்துக்கொண்டே, பருவோடு அச்சடித்துக் கொடுத்தான்.