மாரிக்கனியின் பெயருக்குப் பின்

உ என்ற எழுத்து மாரிக்கனியின் உதட்டில் வந்து நிற்கிறது, உதடு குவிந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, உள்ளேன் டீச்சர் என்ற இரண்டு சொல் வெளியே வர வழியில்லாமல் தவிக்கிறது, பின் பெஞ்சிலிருந்து இருளப்பன் அதை அவளுக்குப் பதிலாகத் திக்கிக் காட்ட ஏழாம் வகுப்பே சிரிக்கிறது, பிலோமினா டீச்சர் மட்டும் வருகைப் பதிவேட்டின் மேல் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்க்கிறாள், மேடம், ஆரம்பிக்கலாமே என்று யாரோ சொல்ல, நினைவிலிருந்த வகுப்பு கலைந்து பயிற்சிக் கூடமாகிறது, எதிரே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், மாணவர்களிடம் நல்லுறவை வளர்ப்பது எப்படி என்று பேசத்தான் பிலோமினாவை அழைத்திருக்கிறார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க என்று மைக்கில் தொடங்கினாள், பதில் வர்ற வரைக்கும் பொறுங்க, நீங்களே சொல்லி முடிச்சுராதீங்க.

சொல்லும்போதே சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடக் குழாயடிக்குப் போய்விட்டாள், மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள் மாரிக்கனி, வீட்டுல யாரோட நல்லாப் பேசுவ என்று கேட்கிறாள் பிலோமினா, ஆ, ஆ, ஆட்டோட டீச்சர் என்று வருகிறது பதில், அதுகிட்டப் பேசுனா திக்காது. ஏன் திக்காது? அது அ, அவசரப்படுத்தாதுல்ல. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போன பிலோமினா அதற்குப் பிறகு மாரிக்கனியின் பெயர் வந்தால் அவசரப்பட்டதே இல்லை, உள்ளேன் முழுதாக வந்து சேர்ந்த பின்தான் அடுத்த பெயர், சிரித்த பிள்ளைகளை அவள் அதட்டவுமில்லை, சிரிப்பு தானாகவே தேய்ந்தது, ஒருநாள் இருளப்பனே திரும்பி, ஏலே சும்மா இருங்கலே, வருது என்றான், அரைப்பரீட்சை லீவு விடுகிற அன்று அதே பெண் எழுந்து நின்று ஆடு குட்டி போட்ட கதையை வகுப்புக்கே சொன்னாள், திக்கித் திக்கித்தான் சொன்னாள், மணி அடித்தும் ஒரு பிள்ளை எழுந்திருக்கவில்லை, குட்டி கண்ணைத் திறந்து பார்த்துச்சு டீச்சர் என்று முடித்துவிட்டு உட்கார்ந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது, அதை எப்படிச் சொல்வது, அதைச் சொல்ல மைக் போதாது.

அந்த லீவில்தான் மாரிக்கனி அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனாள், அம்மா பட்டாசு ஆலையில் வேலை, பிள்ளையை அறை வாசலில் உட்காரச் சொல்லிவிட்டுக் கைகழுவத் தொட்டிக்குப் போனவள் வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கையில் அறை இல்லை, வாசலும் இல்லை, சேதி கேட்டு பிலோமினா ஓடினாள், துணியால் மூடியிருந்தார்கள், முகத்தைக் காட்டவில்லை, அம்மா முத்துமாரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழாமல் பேசினாள், சாயங்காலம் வந்தா ஒங்கள மாதிரியே நின்னு ஆட்டுக்குப் பாடம் நடத்துவா டீச்சர், ஆட்டப் பேரு சொல்லிக் கூப்பிடுவா, அது கத்துற வரைக்கும் நிப்பா, நான் சிரிப்பேன், சிரிக்காதம்மா அது யோசிக்குதுன்னுவா.

லீவு முடிந்த முதல்நாள், பதிவேட்டில் விரல் பழக்கத்தில் வரிசையாகப் போகிறது, வாய் பழக்கத்தில் சொல்கிறது, மாரிக்கனி என்று கூப்பிட்டு விடுகிறாள், கூப்பிட்ட பின்தான் தெரிகிறது, அவ இல்லை டீச்சர் என்று யாரும் சொல்லவில்லை, அழவில்லை, எப்போதும் பொறுக்கிற அளவுக்குப் பொறுத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன, இருளப்பன் மட்டும் தலையைக் கவிழ்த்து பெஞ்சில் முகம் புதைக்கிறான், பிலோமினாவின் விரல் அந்தப் பெயரைத் தாண்டவில்லை.

மைக்கின் முன் எவ்வளவு நேரம் பேசினாள், எதை வாய்விட்டுச் சொன்னாள், எதை நினைக்க மட்டும் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கூடத்தில் மின்விசிறிகளின் சத்தம் கேட்கிறது, முன்வரிசையில் ஒரு பெண், வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கலாம், எழுந்து நின்று கேட்கிறாள், இவ்வளவு ஒட்டிக்கிட்டா, நாளைக்கு ஒண்ணுன்னா நம்மளால தாங்க முடியுமா மேடம்.

தாங்க முடியாதும்மா என்றாள் பிலோமினா. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. எனக்கு இன்னும் முடியல. அதுக்காக ஒட்டாம இருந்துராதீங்க.