மொட்டை மாடியில் நான்கு குழாய்கள்

வழிபாட்டுக் கூடத்தின் மொட்டை மாடியில், திசைக்கு ஒன்றாக நான்கு குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டி முடித்தார் மைக்செட்காரர். கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கூடத்தின் செயலாளர். பிழைப்புக்குத் தையல் கடை. ஆனால் மூன்று மாதமாக அவர் வாயில் ஸ்பீக்கரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"கடைசி வரிசைக்கு ஒண்ணும் புரியலைன்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க? உள்சுவத்துல நாலு சின்னப் பெட்டி மாட்டினா போதுங்க," என்றார் மைக்செட்காரர்.

"அதை அப்புறம் பார்ப்போம். பக்கத்துத் தெருக் கூடத்துல ரெண்டு குழாய். நம்மளோடது ஆத்தங்கரை வரைக்கும் கேட்கணும். சத்தத்தை முழுசா கூட்டுங்க."

பாட்டு கிளம்பியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. செயலாளருக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்கத் தெருவில் நடந்தார்.

கூடத்துக்குப் பின்வீடு அவருடைய தங்கையுடையது. தங்கையின் கணவர் லாரி ஓட்டுநர். தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழைய துணி அடைத்திருந்தது. கதவைத் தட்டினார். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் உடம்பு வலிப்பில் வெட்டி வெட்டி இழுத்தது. தங்கை அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒரு கையால் அவர் காதைப் பொத்தியிருந்தாள்.

வாசலுக்கு ஓடி, "நிறுத்துங்க" என்று கத்தினார் செயலாளர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கூடத்துக்கு ஓடித் தானே சுவிட்சை அணைத்தார்.

மருத்துவமனையில், உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்தது.

"சத்தம் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"ரெண்டு தடவை கடைக்கு வந்தேண்ணே. யார் குழாய் பெருசுன்னு பேசிக்கிட்டிருந்த. சாமி காரியத்துக்குக் குறுக்கே நிக்கிறேன்னு நெனச்சுடுவியோன்னு பேசாம திரும்பிட்டேன்."

செயலாளர் அவளுடைய கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் குழாய்கள் இறங்கின. உள்ளே சின்னப் பெட்டிகள் ஏறின. "ஊரே சிரிக்குமே," என்று குறைப்பட்டுக்கொண்டார் கூடத்தின் பொருளாளர்.

"சிரிக்கட்டும்," என்றார் செயலாளர். "கும்பிடறது நம்ம உரிமைதான். ஆனா அடுத்தவங்க வீட்டுக்குள்ள சத்தத்தை அனுப்ப நமக்கு உரிமை இல்லை. கூடப் பிறந்தவ சொல்ல வந்ததையே கேட்காத நான், யாருக்குக் கேட்கணும்னு இத்தனை குழாய் கட்டினேன்?"