வடிவமைத்தவர் பெயர்

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகும்படி ஃபாதர் ரெஜிஸ் சைகை காட்டியபோது, ஜாஸ்லின் தன் அப்பாவின் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள். பிலோமின்ராஜ் அவளைப் பார்க்கவில்லை. சாமியாரின் கழுத்தில் தொங்கிய ஊதாப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. பாலக்கரை வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். கடைசிப் பாவசங்கீர்த்தனம் இருபது நிமிடம் நடந்தது. எழுபத்தொரு வயது மனிதரிடம் இருபது நிமிடத்துக்குப் பாவம் இருந்ததில் ஆச்சரியமில்லை. மூச்சு இருந்ததுதான் ஆச்சரியம்.

அடுக்களை வாசலில் நின்ற ஜாஸ்லினின் மனசில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. இன்றைக்கு வியாழன். திங்கட்கிழமை காலையில் அவளுடைய தம்பி ஜெஸ்வின் டிசைன் பதிவுக்கான விண்ணப்பத்தை அனுப்பப் போகிறான். அதில் 'வடிவமைத்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை டைப் செய்து வைத்திருக்கிறான். அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை அவள் பெயராக மாற்றிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறான்.

அரியமங்கலத்தில் பிலோமின்ராஜுக்கு ஒரு சின்ன ரப்பர் பட்டறை. லாரி ஸ்பிரிங்கில் மாட்டும் ரப்பர் புஷ் செய்து விற்றுக்கொண்டிருந்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். துறைமுகச் சுவரில் படகு மோதாமலிருக்க நடுவில் பழைய டயரைத் தொங்க விடுகிறோம், டயருக்குள்ளிருந்து கம்பி கிளம்பி ஃபைபர் படகைப் பிறாண்டுகிறது, ரப்பரில் வேறு ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். படகோட்டிகள் ஃபெண்டர் என்று சொல்லும் மோதுமெத்தை. உருளையாகச் செய்தால் அலையில் உருண்டு மேலே ஏறி வந்துவிடுகிறது. பிலோமின்ராஜ் ஆறு மாதம் உருளையாகவே செய்து பார்த்தார். அவருக்கு உருளை பிடித்திருந்தது.

பாலிடெக்னிக் படித்துவிட்டு, ஒரு கல்யாணத்தையும் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்த ஜாஸ்லின்தான் அதன் முதுகைத் தட்டையாக்கினாள். ஒரே துண்டாக இல்லாமல் மூன்று துண்டாக்கிக் கயிற்றில் கோத்தாள். அடித்துண்டில் எடை வைத்தாள். முக்கொம்பில் உல்லாசப் படகுக்காரரிடம் கெஞ்சி ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் மூன்றாவது மாதிரியைச் சரி செய்யக் குனிந்தபோது படகு சுவரோடு சேர்ந்து, இடது கை மோதிர விரலின் நுனி போயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டேதான் கயிற்றின் முடிச்சைப் படகின் மேல்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யோசித்தாள். அதற்குப் பிறகு யாரும் நடுவில் கையை விட வேண்டியிருக்கவில்லை. சரக்கு விற்றதே அந்த முடிச்சினால்தான்.

விரல் கார் கதவில் நசுங்கியதாக பிலோமின்ராஜ் ஊருக்குச் சொன்னார். ஃபெண்டர் தன்னுடையது என்று முதலில் வாய்தவறிச் சொன்னார், பிறகு வழக்கமாகச் சொன்னார். பொன்னாடை போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டார். அவள் கேட்டபோது, "பொம்பளப் புள்ள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் அவளையே பரிமாறச் சொன்னார்.

இப்போது கொச்சியில் ஒரு படகு கட்டும் கம்பெனி, பெரிய படகுக்கு ஏற்றபடி இதைச் செய்துதர வடிவமைத்தவரையே வேலைக்கு அழைத்திருந்தது. முப்பத்தாறு வயதில் அவளுக்கு இந்த வீட்டை விட்டு வெளியே போக இருந்த ஒரே வழி அந்தக் கட்டம்.

கதவு திறந்தது. ஜெபம் சொல்லி, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்வரை ஃபாதர் ரெஜிஸ் ஜாஸ்லினின் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படும்போது அவர் பார்வை அவளுடைய இடது கையில் போய் நின்று, சட்டென்று விலகியது. அப்பா சொல்லிவிட்டார்!

அம்மா பேட்ரிசியா சாமியாரை வழியனுப்பப் போனாள். ஜாஸ்லின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிலோமின்ராஜின் முகம் சவரம் செய்ததுபோல் தெளிந்திருந்தது.

"கஞ்சி இருக்கா?" என்றார்.

இரண்டு நாளாக ஒன்றும் இறங்காதவர். அவள் கரண்டியால் ஊட்டினாள்.

"அப்பா, ஃபாதர்கிட்ட என் விஷயத்தச் சொன்னீங்களா?"

"எல்லாத்தயும் சொல்லிட்டேன். உன் விஷயமும்தான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"மககிட்ட மன்னிப்புக் கேளுங்கன்னாரு."

அவள் காத்திருந்தாள். அவர் அடுத்த வாய்க்கு உதட்டைத் திறந்தார்.

"ஜெஸ்வின் வந்துட்டிருக்கான்ப்பா. அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஃபெண்டர் ஜாஸ்லின் செஞ்சதுன்னு. அது போதும். மன்னிப்பெல்லாம் வேணாம்."

"ஒரு பாவத்த எத்தன தடவ சொல்றது? ஃபாதர்கிட்ட சொன்னா ஆண்டவர்கிட்ட சொன்ன மாதிரி. ஆண்டவருக்கு மேல ஜெஸ்வினா?"

"ஆண்டவரு ஃபாரம் எழுதப் போறதில்லப்பா. அவன்தான் எழுதப் போறான்."

"அதான் மன்னிச்சாச்சுல்ல" என்றார் பிலோமின்ராஜ். பிறகு, "உப்பு கம்மி" என்றார்.

அவள் எழுந்து போய் உப்புக் கொண்டுவந்தாள். பழக்கம். வருவதற்குள் அவர் கண்ணை மூடியிருந்தார். உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். மூச்சு வந்து போனதே தவிர ஆள் வரவில்லை. செத்துத் தொலையாதே, இன்னும் பத்து நிமிடம் இரு என்று அவள் மனசு கத்தியது. தன் அப்பாவை இவ்வளவு வெறுக்கிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஜெஸ்வின் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் தெரிகிற ஃபிளாட்டில் இருந்தான். காவிரிப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, மனைவி லின்சியோடு ஐந்தரைக்கு வந்து சேர்ந்தான். ஆறு மணிக்கு மூச்சு நின்றது. பேட்ரிசியா அலறினாள். லின்சி மின்விசிறியை நிறுத்தினாள்.

சவப்பெட்டிக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்த ஜெஸ்வின், "ஏதாவது சொன்னாரா?" என்றான்.

"ஃபாதர்கிட்ட சொல்லிட்டாராம்."

"அப்ப ஃபாதரயே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுவோமா?" அவன் சிரிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், உதடு மட்டும் லேசாகக் கோணியது. "அக்கா, பொணம் இன்னும் சூடு ஆறல. இப்பயா?"

"அம்மாக்குத் தெரியும். கேளு."

பேட்ரிசியாவுக்கு எல்லாம் தெரியும். மகளுடைய விரலுக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான். அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்தி, "செத்த மனுசன் பேரக் கெடுக்காதடி. அவரு பேருல இருந்தா நம்ம பேருதான" என்றாள். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பொன்னாடை போட்ட படம், கீழே 'படகு ஃபெண்டர் கண்டுபிடிப்பாளர்'. அடக்கப் பூசை மூன்றரைக்கு. ஜெஸ்வின் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, பிரசங்கத்தில் வாசிக்கும்படி மத்தியானமே ஃபாதரிடம் கொடுத்திருந்தான். ஃபெண்டரைப் பற்றியும் அதில் எழுதியிருப்பதை லின்சி ஜாஸ்லினிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஜாஸ்லின் பெட்டிக்கு முன்னதாகவே கோயிலுக்குப் போனாள். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் ரெஜிஸ் தொட்டி என்கிற மரக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். அவரை வாசலுக்குக் கூப்பிட்டிருக்கலாம். அங்கே கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள் நின்றார்கள். நேற்று அப்பா ரகசியமாகச் சொன்னதைப் பற்றி ரகசியமான இடத்தில்தான் அவரும் மனசு விட்டுப் பேசுவார் என்று அவள் நினைத்தாள். சிறு வயதிலிருந்து ஞாயிறு மறைக்கல்வி படித்தவள் செய்யக்கூடாத தப்பு. முழந்தாளிட்டு, சிலுவை போட்டு, வலைத்தட்டியில் வாயை வைத்தாள்.

"எங்கப்பா சாகக் கெடந்தப்ப அவர வெறுத்தேன் ஃபாதர். இப்பவும் வெறுக்கறேன். ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் தட்டியை இன்னும் நெருங்கினாள்.

"நேத்து உங்ககிட்ட சொன்னேன்னு அவரே என்கிட்ட சொன்னாரு."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டது எதுவும் எனக்குத் தெரியாதும்மா."

"ஃபாதர்..."

"உன்னோட பாவத்த மட்டும் சொல்லு."

கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சரி, அவரு சொன்னது வேணாம். நான் சொல்றேன், கேளுங்க. அந்த ஃபெண்டர் என்னுது. முடிச்சு என்னுது. விரல் என்னுது. ஜெஸ்வின் குடுத்த பேப்பர்ல அப்பா செஞ்சதுன்னு எழுதியிருக்கான். அந்த ஒரு வரிய விட்டுட்டு வாசிங்க. ஊரு முன்னாடி நீங்க அத வாசிக்கலன்னாலே ஜெஸ்வினுக்குப் புரியும்."

தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"இத நீ வெளிய நின்னு சொல்லியிருந்தா, அந்தப் பேப்பரயே கீழ வெச்சிருப்பேன்மா. இங்க முழந்தாள் போட்டுச் சொல்லிட்ட. அவரு சொன்னத மட்டும் இல்ல, நீ சொன்னதயும் நான் மூடி வெக்கணும். இத வெச்சு நான் ஒரு வரியக்கூட மாத்த முடியாது."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். தட்டியின் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஊதாப் பட்டை மட்டும் தெரிந்தது.

"எந்திரிச்சு வெளிய வர்றேன். அங்க வந்து சொல்றேன் ஃபாதர், ரெண்டு நிமிசம்..."

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்திலேயே ஜெஸ்வினின் குரல் கேட்டது. "ஃபாதர், பெட்டி வாசல்ல நிக்குது. எல்லாரும் வெயில்ல நிக்கறாங்க."

"அபராதமா, அப்பாவோட ஆன்மாவுக்காகப் அருள் நிறைந்த மரியே ஜெபம் பத்துத் தடவ சொல்லும்மா" என்றார் அவர் அவசரமாக. பாவமன்னிப்பு மந்திரத்தை முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பட்டையை அவிழ்க்கிற கையை இரண்டு பேரவைக்காரர்கள் பிடித்துக்கொண்டு கூட்டிப் போனார்கள்.

முதல் வரிசையில் பேட்ரிசியாவுக்கும் லின்சிக்கும் நடுவில் ஜாஸ்லினை உட்கார வைத்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி. வாசகம் நடக்கும்போதே அவள் அபராதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். வெறுப்போடுதான் சொன்னாள், ஆனாலும் எண்ணிக்கை தவறாமல் சொன்னாள். அவள் செய்கிற எதுவும் அளவு தவறாது.

பிரசங்கத்துக்கு ஃபாதர் ரெஜிஸ் மடித்த பேப்பரை விரித்தார். உழைப்பாளி என்றார். நல்ல கணவர் என்றார். அவள் எட்டாவது மரியேயில் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல், ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல் அவர் வாசித்தார்.

"ஆயிரக்கணக்கான மீனவர்களின் கைகளைக் காப்பாற்றிய படகு ஃபெண்டரை, யாருடைய உதவியும் இன்றி, தம் சொந்த அறிவால் வடிவமைத்தவர் பிலோமின்ராஜ்."

பின் வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். லின்சி அவளுடைய முழங்கையை ஆதரவாகத் தொட்டாள். ஜெஸ்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்; அவன் அழுகையில் பொய்யில்லை.

ஜாஸ்லின் ஒன்பதாவதை ஆமென் வரை சொல்லி முடித்தாள். பத்தாவதைத் தொடங்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

நற்கருணை அப்பம் வாங்க மணி அடித்தது. குடும்பத்தார்தான் முதலில் போக வேண்டும். கோயில் முழுக்க அவர்களைப் பார்த்துக் காத்திருந்தது. ஃபாதர் ரெஜிஸ் கிண்ணத்தோடு பெட்டியருகே வந்து நின்று, முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

பேட்ரிசியா எழுந்தாள். மகளின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"எந்திரிடி. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் எழவில்லை.

"அப்பாவுக்காகடி."

ஜாஸ்லின் முழங்கால்களைப் பக்கவாட்டில் ஒடுக்கி, பெஞ்சோடு பெஞ்சாக ஒட்டி உட்கார்ந்து, அவர்கள் கடந்து போவதற்கு வழிவிட்டாள்.