பெத்லகேம் அறையிலிருந்து வந்த பேச்சு

எங்கள் கோயிலில் பலிபூசைக்கான குர்பான் ரொட்டியைச் சுட்டவன் பீஷாய். கோயிலுக்குப் பின்னால் அடுப்பிருக்கும் சின்ன அறைக்குப் பெத்லகேம் என்று பெயர். அங்கே மாவில் உப்புக் கூடாது. பிசைகிறவன் வாயில் சங்கீதம் தவிர வேறு சொல் கூடாது. விடியலில் அவன் ராகம் போட்டுச் சொல்வதைக் கேட்க ஜன்னலடியில் பெண்கள் கூடுவார்கள். நோன்பு நாள்களில் அந்தக் குரல் கேட்டு எருமைகள் புல்லைத் தொடாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் மட்டும் குடித்தன. அதுவும் கூடாதென்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

அவனைக் கெடுத்தது நாவிதன் லமீ. லமீயின் கத்தி மழுங்கல், நாக்கால்தான் சிரைத்தான். அவன் ஊர்வம்பைத் தொடங்கினால் எதிரே இருப்பவரின் தாடி தானாக உதிரும். பீஷாய் சவரம் முடிந்த பிறகும் அங்கேயே உட்காரப் பழகினான்.

நாங்கள் அபூனா என்று கூப்பிடும் பாதிரியார் வீஸா கண்டித்தார்.

“நான் வாயத் தொறக்கறதே இல்ல அபூனா. காது மட்டுந்தான் அங்க இருக்கு.”

“காதுக்கும் வாய்க்கும் நடுவுல கதவு போட்டிருக்கியாடா?”

பீஷாய் சிரித்துவிட்டுப் போனான்.

ஒரு ஞாயிறு விடியலில், மாவு பிசையும்போது, பாதிச் சங்கீதத்தில் அடுத்த வரி வரவில்லை. முந்தின நாள் லமீ சொன்னது, அதே ராகத்தில், இழுத்து, அழகாக வந்தது: விதவை இஸ்தீர் வீட்டுக்கு அந்தி நேரத்தில் லாரிக்காரன் ஒருவன் வந்து போகிறான் என்று. கை வேலையில் இருந்ததால் பீஷாய்க்கே அது தெரியவில்லை. ஜன்னலடியில் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி ஆமென் என்றாள்.

லாரிக்காரன் இஸ்தீருடைய செத்துப்போன கணவனின் தம்பி. குர்பானுக்கென்று அவள் நேர்ந்துகொண்ட கோதுமை மாவை இறக்கிவிட்டுப் போவான். பீஷாய் பிசைந்துகொண்டிருந்ததும் அந்த மாவைத்தான்.

பூசையில் நற்கருணை வாங்க இஸ்தீர் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னும் பின்னும் வரிசை விலகியது. சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த ஞாயிறு கால்வாய்க்கு அப்பாலுள்ள ஊர்க் கோயிலுக்குப் போனாள்.

தன் வாயில் வந்தது என்ன, வந்து போவது யார் என்று பாதிரியார் சொல்லித் தெரிந்துகொண்ட பீஷாய், அன்றே சபை முன் எழுந்து, தான் சொன்னது லமீ கடைப் பொய் என்றான். வந்து போவது கொழுந்தன் என்றான். எல்லோரும் இரக்கத்தோடு கேட்டார்கள். வெளியே வந்ததும் ஒருத்தி சொன்னாள்: “தங்கமான மனுசன். அவ மானத்தக் காப்பாத்தப் பொய் சொல்றாரு. சங்கீதத்தோட வந்தது பொய்யாவா இருக்கும்?”

உண்மையையும் அதே ராகத்தில் ஒருமுறை சொல்ல விடும்படி பாதிரியாரிடம் கெஞ்சினான். ஒருமுறை கலந்ததே போதும் என்றார் அவர்.

கடைசியில் இஸ்தீர் வீட்டுக்குப் போனான். அவள் தேநீர் கொடுத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“திரும்பி வா அக்கா. நான் அடுப்பை விட்டுடறேன்.”

“உன்மேல கோபம் இல்ல தம்பி. உன் குரலக் கேட்டுத்தான் நான் ஜெபம் பண்ணக் கத்துக்கிட்டேன். இப்ப ஜெபம்னு உக்காந்தா அந்த லாரிதான் வருது. கால்வாய்க்கு அந்தப் பக்கக் கோயில்ல வேற ஒருத்தர் பாடுறாரு. சுமாராத்தான் பாடுறாரு. இருக்கட்டும்.”

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். பீஷாய் தெருவில் நின்று, சிறுவயதிலிருந்து மனப்பாடமான ஒரு சங்கீதத்தை வாய்க்குள் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான். அடுத்து என்ன வருமோ என்று பயமாயிருந்தது.